'பை' என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்: 'ஆல்' என்ற ஒற்றை விடை போதாத இடங்கள்

பாளையங்கோட்டையில் மாலை நேரங்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிய வகுப்பு தொடங்கும் நாளில் ஒரு கேள்வியைக் கேட்பது என் வழக்கம். 'பை' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "ஆல்" என்று சொல்லும். அப்படியானால் 'பை ஃபைவ் ஓ கிளாக்' என்பது 'ஐந்து மணியால்' ஆகுமா என்று அடுத்துக் கேட்டதும் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாடத்தைத் தொடங்கிவிடுவேன்.

மாணவர்கள் சொன்ன விடையில் தவறில்லை. அது ஒரு பங்கு விடை. 'ஆல்' வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'பை' வருவதில்லை, 'பை' வரும் இடமெல்லாம் தமிழில் 'ஆல்' வருவதுமில்லை. இந்தச் சிக்கலின் வேர் இரு மொழிகளின் அமைப்பில் இருக்கிறது. இதே திருநெல்வேலிச் சீமையில், இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் இத்தகைய சொற்களைப் பெயருக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைப்பதை அவற்றின் தனி இயல்புகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். நாம் 'ஆற்றருகே' என்கிறோம்; ஆங்கிலம் 'பை த ரிவர்' என்கிறது. இட மாற்றம் எளிது, ஒரு வாரத்தில் பழகிவிடும். பொருள் மாற்றம்தான் ஆண்டுக்கணக்கில் காலை வாரும்.

ஆகவே உருபை உருபாக மொழிபெயர்க்க வேண்டாம் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. சொல்ல வந்த செய்தி எந்த வினாவுக்கு விடை என்பதை முதலில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே, யாரால், எதில், எதற்குள், எவ்வளவு என்ற வினாக்களில் ஒன்று அகப்பட்டுவிட்டால், அங்கே 'பை' பொருந்துமா என்பது தெரிந்துவிடும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படித்தால் காதும் சேர்ந்து பழகும்.

முதற்படி: எங்கே?

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் 'அருகே' என்பதுதான். மற்றப் பொருள்களுள் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைத்தவை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரை 'பைஸ்டாண்டர்' என்பதில் அந்தப் பழம்பொருள் இன்னும் இருக்கிறது. எனவே 'ஆல்' என்பதிலிருந்து தொடங்காமல் 'அருகே' என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

'நியர்' என்ற சொல்லும் அருகே என்றுதான் பொருள்படும். ஆனால் 'நியர்' என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். 'பை' என்றால் ஒட்டியே இருக்க வேண்டும். திருநெல்வேலி ரயில் நிலையம் இருக்கும் ஜங்ஷன் பகுதியில் வீடு வைத்திருப்பவர் தாமிரபரணிக்கு 'நியர்' என்று சொல்லிக்கொள்ளலாம். குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கோ 'த டெம்பிள் ஸ்டாண்ட்ஸ் பை த ரிவர்' என்பது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து கோயிலைச் சூழ்ந்துகொள்ளும்போது அதே கோயில் 'இன் த ரிவர்' ஆகிவிடுகிறது. கோயில் நகரவில்லை, தண்ணீர் ஏறியிருக்கிறது, முன்னிடைச்சொல் மாறிவிட்டது. 'ஆத்தோரம்' என்று நாம் சொல்வதில் உள்ள 'ஓரம்' இந்த 'பை'க்கு மிக நெருங்கிய தமிழ்.

ஒட்டி நிற்பதைப் போலவே ஒட்டிக் கடப்பதற்கும் இது வரும். 'த பஸ் வென்ட் பை அவர் ஹவுஸ்' என்றால் பேருந்து எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று என்று பொருள், நின்றதாகப் பொருளில்லை. 'ஹி கேம் இன் பை த பேக் டோர்' என்பதில் பின்வாசல் வழியாக என்ற பொருள் வருகிறது.

இரண்டாம் படி: யாரால், எதனால்?

இதுதான் மாணவர்கள் அறிந்த 'பை'. அதிகம் தவறுவதும் இங்கேதான். காரணம், நம் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' இரண்டு வேலைகளைச் செய்கிறது: கருத்தாவையும் காட்டுகிறது, கருவியையும் காட்டுகிறது. பள்ளி இலக்கணம் கருவியை மேலும் முதற்கருவி, துணைக்கருவி என்று பிரிக்கும். 'மண்ணால் குடம் செய்தான்' என்பதில் மண் குடமாகவே ஆகிவிடுவதால் அது முதற்கருவி. 'திரிகையால் திரித்தான்' என்பதில் வேலை முடிந்தபின் திரிகை தனியே நிற்பதால் அது துணைக்கருவி. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பிரிவை இப்போது தேடி எடுங்கள். ஆங்கிலம் அதே கோட்டில்தான் பிரிகிறது: கருத்தாவுக்கு 'பை', துணைக்கருவிக்கு 'வித்', முதற்கருவிக்கு 'ஆஃப்'.

பத்தமடைப் பாயைக் கையில் எடுத்துக்கொள்வோம். 'பத்தமடைப் பெண்களால் கோரையால் கையால் நெய்யப்பட்ட பாய்' என்று ஒருவர் எழுதினால், காதுக்கு இடறினாலும் இலக்கணப் பிழை இல்லை. இதில் மூன்று 'ஆல்' இருக்கின்றன. நெய்தவர்கள் பெண்கள், அவர்கள் கருத்தா. ஆகவே 'வோவன் பை விமன் இன் பத்தமடை'. கோரைதான் பாயாக ஆகியிருக்கிறது, அது முதற்கருவி. ஆகவே 'மேட் ஆஃப் கோரை கிராஸ்'. மூன்றாவதான 'கையால்' சற்று ஏமாற்றும். கை ஒரு கருவி என்று நினைத்து 'வித்' போடத் தோன்றும். ஆனால் இங்கே கையைப் பற்றிப் பேச்சில்லை. இயந்திரத்தில் அல்லாமல் கைநெசவாக நெய்தது என்ற முறையைப் பற்றியே பேச்சு. முறையைக் குறிக்கும்போது ஆங்கிலம் 'பை ஹேண்ட்' என்று, முன்னால் எதையும் சேர்க்காமல் சொல்லும். ஒருத்தி தன் இரு கைகளால் பாயைத் தட்டிச் சுருட்டினாள் என்றால் அங்கே கை உண்மையிலேயே கருவி. 'வித் ஹெர் ஹேண்ட்ஸ்' என்றே சொல்ல வேண்டும்.

'பேனாவால் எழுதினேன்' என்பதை 'ஐ ரோட் பை பென்' என்றும், 'கத்தியால் வெட்டினான்' என்பதை 'ஹி கட் இட் பை நைஃப்' என்றும் எழுதுவது நம் விடைத்தாள்களில் மலிந்துகிடக்கும் பிழை. இரண்டிலும் 'வித் எ பென்', 'வித் எ நைஃப்' என்பவையே சரி. பேனா தானாக எழுதாது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

கருத்தாவிலும் நம் இலக்கணம் ஒரு நுட்பம் செய்திருக்கிறது. தானே செய்பவன் இயற்றுதல் கருத்தா, செய்விப்பவன் ஏவுதல் கருத்தா. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின்மேல் 1843-இல் திறக்கப்பட்ட பாலத்தைச் சுலோசன முதலியார் பாலம் என்கிறோம். அவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்தார்; வடிவமைத்தவர் ஹார்ஸ்லி என்ற பொறியாளர்; கல் சுமந்தவர்களும் சாந்து பூசியவர்களும் பெயர் தெரியாத தொழிலாளர்கள். 'த பிரிட்ஜ் வாஸ் பில்ட் பை' என்று தொடங்கினால் இந்த மூன்று தரப்பில் எவரையும் பின்னால் போடலாம், இலக்கணம் தடுக்காது. ஆங்கில 'பை' ஏவியவரையும் இயற்றியவரையும் பிரிப்பதில்லை. பிரித்துச் சொல்ல விரும்பினால் வினையைத்தான் மாற்ற வேண்டும்: 'பெய்ட் ஃபார் பை சுலோசன முதலியார்', 'டிசைன்ட் பை ஹார்ஸ்லி'. பணத்தைச் சொல்ல வேண்டுமானால், அது துணைக்கருவி என்பதால், 'பில்ட் வித் ஹிஸ் ஓன் மணி' என்று வரும். 'கட்டுவித்தார்' என்ற ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுவதை ஆங்கிலம் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு.

வினையே இல்லாமல் படைப்பாளியைக் காட்டவும் 'பை' உதவும். 'எ போயம் பை பாரதி' என்றால் பாரதி எழுதிய கவிதை. தமிழில் 'பாரதியின் கவிதை' என்று ஆறாம் வேற்றுமையில் சொல்கிறோம். 'பாரதியால் கவிதை' என்று எவரும் சொல்வதில்லை. பாரதியைப் பற்றிப் பிறர் எழுதியது என்றால் 'எ போயம் ஆன் பாரதி' ஆகிவிடும்.

செயப்பாட்டு வினை என்றாலே 'பை' என்ற கணக்கும் தவறு. 'அனைவராலும் அறியப்பட்டவர்' என்பதற்கு 'நோன் டு எவ்ரிஒன்' என்பதே வழக்கு. வியப்புற்றதற்கு 'சர்ப்ரைஸ்ட் அட்', நிரம்பியதற்கு 'ஃபில்ட் வித்'. இவை விதிக்கு அடங்காதவை, பழக்கத்தில்தான் வரும்.

மூன்றாம் படி: எதில் வந்தாய்?

மழைநாளில் தாமதமாக வந்த மாணவரிடம் எப்படி வந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "நடந்துதான் வந்தேன் சார்" என்பதை அவர் 'ஐ கேம் பை வாக், சார்' என்றார். பேருந்துக்கு 'பை பஸ்', ரயிலுக்கு 'பை டிரெயின்' என்றால் நடைக்கு 'பை வாக்' தானே என்ற அவருடைய தர்க்கத்தில் குறை காண முடியாது; ஆங்கிலத்தின் வழக்கு அப்படி அமையவில்லை, அவ்வளவுதான். 'ஆன் ஃபுட்' என்று சொல்ல வேண்டும், அல்லது 'ஐ வாக்ட்' என்று முடித்துவிடலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

ஊர்தியைச் சொல்லும்போது 'பை' தனக்கும் பெயருக்கும் இடையே யாரையும் விடாது. 'பை பஸ்' சரி. 'பை த பஸ்' தவறு. 'பை மை கார்' தவறு. குறிப்பிட்ட ஊர்தி ஒன்றைச் சுட்டத் தொடங்கிய உடனே 'பை' விலகிக்கொள்ளும்: 'இன் மை கார்', 'ஆன் த செவன் தர்ட்டி பஸ்'. அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்தில் போனோம் என்பது முறை, அதனால் 'பை பஸ்'. ஏழரை மணி வண்டியில் போனோம் என்பது குறிப்பிட்ட வண்டி, அதனால் 'ஆன்'. தமிழில் இரண்டுக்கும் 'இல்' ஒன்றே போதுமாக இருப்பதால் இந்த வேறுபாடு நமக்கு எளிதில் உறைப்பதில்லை.

தபால், தொலைபேசி, காசோலை ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: 'பை போஸ்ட்', 'பை ஃபோன்', 'பை செக்'. ரொக்கத்துக்கு மட்டும் 'இன் கேஷ்' என்பதே பொது வழக்கு.

நான்காம் படி: எதற்குள்?

இந்தப் படியில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். இளவயதில் ஓர் அலுவலகம் சான்றிதழ் நகல்களைக் கேட்டு எழுதியிருந்த கடிதத்தில் 'பை ஃபிரைடே' என்றிருந்தது. 'வெள்ளிக்கிழமை வாக்கில்' என்று நான் புரிந்துகொண்டேன். நம் பேச்சில் 'வாக்கில்' என்பதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் இடம் உண்டல்லவா? சனிக்கிழமை காலை சாவகாசமாகப் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்தே முடிஞ்சு போச்சே, தம்பி" என்றார். தவறு அவர்மீது இல்லை. 'பை' என்பது 'வாக்கில்' அல்ல, 'க்குள்'. அது ஒரு வேலி. இந்தப் பக்கம் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், அந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்க முடியாது. 'வாக்கில்' என்று சொல்ல ஆங்கிலத்தில் 'அரவுண்ட் ஃபிரைடே' இருக்கிறது.

வேலி நிற்கும் நாள் உள்ளே சேருமா, வெளியேயா? பொதுவழக்கில் 'பை ஃபிரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் சேரும். 'பிஃபோர் ஃபிரைடே' என்றால் வியாழனோடு முடிந்துவிடும். தமிழில் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதிலும் இந்த ஐயம் வருவதுண்டு. பணம், வழக்கு, விண்ணப்பம் சார்ந்த கடிதங்களில் தேதியோடு மணியையும் எழுதி ஐயத்துக்கு இடமின்றிச் செய்துவிடுவது நல்லது.

'பை'யையும் 'அன்ட்டில்' என்பதையும் குழப்புவது அடுத்த பெரும்பிழை. 'வரை' என்று தமிழில் வந்தால் 'அன்ட்டில்'; 'க்குள்' என்று வந்தால் 'பை'. கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் என்பது நீடிக்கும் நிலை. 'த ஷாப் இஸ் ஓபன் அன்ட்டில் நைன்'. ஒன்பது மணிக்குள் வந்துவிடு என்பது ஒரு முறை நிகழ்ந்து முடியும் செயல். 'கம் பை நைன்'. 'வெள்ளிக்கிழமை வரை ஆவணங்களைத் தருவேன்' என்று தமிழில் சொன்னால், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது போலிருக்கும். 'ஐ வில் சப்மிட் த டாகுமென்ட்ஸ் அன்ட்டில் ஃபிரைடே' என்பதும் ஆங்கிலக் காதுக்கு அப்படித்தான் ஒலிக்கும்.

இன்னொரு பொறி இங்கே இருக்கிறது. 'இரண்டு நாளுக்குள்' என்பதிலும் 'க்குள்' வருவதால் 'பை டூ டேஸ்' என்று எழுதத் தோன்றும், அது கூடாது. 'பை' ஒரு புள்ளியைக் கேட்கும், நீளத்தை ஏற்காது. திங்கட்கிழமை புள்ளி, ஐந்து மணி புள்ளி, மாத இறுதி புள்ளி. இரண்டு நாள் என்பது நீளம். நீளத்துக்கு 'வித்தின் டூ டேஸ்' என்று எழுதுங்கள்.

புள்ளிக்குப் பதிலாக முழு நிகழ்ச்சி ஒன்றையே வேலியாக நட்டால் 'பை த டைம்' என்று தொடங்க வேண்டும். 'பை த டைம் வி ரீச்ட் ஜங்ஷன், நெல்லை எக்ஸ்பிரஸ் ஹேட் லெஃப்ட்': நாங்கள் ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் போய்விட்டது. இங்கே 'ஹேட்' வருவதைக் கவனியுங்கள்; முந்தி முடிந்துபோன செயலுக்கு அந்த வடிவம் தேவைப்படுகிறது. விடியற்காலையில் பாட்டி கடிகாரத்தைப் பார்த்து, "இந்நேரம் தாம்பரம் தாண்டியிருப்பான்" என்று சொல்வாளே, அந்த 'இந்நேரம்' அப்படியே 'பை நவ்': 'ஹி வில் ஹேவ் கிராஸ்ட் தாம்பரம் பை நவ்'. தமிழின் 'இருப்பான்' என்ற ஊகத்துக்கு ஆங்கிலத்தின் 'வில் ஹேவ்' இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இடம் அரிது.

'பை டே', 'பை நைட்' என்பவை பகலில், இரவில் என்று மட்டுமே பொருள்படும். அவற்றில் வேலி எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: எவ்வளவு?

ரயில் நிலைய அறிவிப்பில் வண்டி 'லேட் பை ட்வென்டி மினிட்ஸ்' என்று கேட்டிருப்பீர்கள். இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லும் 'பை' இது. தமிழில் 'இருபது நிமிடம் தாமதம்' என்று உருபே இல்லாமல் முடிந்துவிடுகிறது. விலை பத்து ரூபாய் கூடியது என்றால் 'பை டென் ருபீஸ்'. விலை பத்து ரூபாய்க்கு உயர்ந்தது என்றால் 'டு டென் ருபீஸ்'. ஒரு சொல் மாறினால் கணக்கே மாறிவிடும்.

நெல்லையப்பர் கோயில் பக்கம் அல்வா வாங்கப் போகிறவர் கிலோக் கணக்கில் கேட்கிறார். இதற்கு 'அல்வா இஸ் சோல்ட் பை த கிலோ' என்பது வாக்கியம். ஊர்தியில் 'த' கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே மட்டும் ஏன் என்று கேட்கலாம். அளக்கும் அலகைச் சொல்லும்போது 'த' வேண்டும்: 'பை த கிலோ', 'பை த அவர்', 'பை த டஜன்'. அலகைச் சொல்லாமல் அளக்கும் முறையை மட்டும் சொன்னால் 'த' போய்விடும்: 'பை வெயிட்'. இதற்கு மேல் காரணம் தேடுவதில் பயனில்லை.

'ஒன் பை ஒன்', 'டே பை டே', 'லிட்டில் பை லிட்டில்' ஆகியவற்றை எளிதாகக் கற்றுக்கொள்ளலாம். நாம் சொல்லை இரட்டித்து 'ஒவ்வொருவராக', 'நாளுக்கு நாள்', 'கொஞ்சம் கொஞ்சமாக' என்கிறோம். ஆங்கிலமும் இரட்டிக்கிறது, நடுவில் ஒரு 'பை' வைத்துத் தைத்துவிடுகிறது.

ஆறாம் படி: ஒட்டிக்கொண்ட தொடர்கள்

செயலின் வழியைச் சொல்ல வினையோடு 'இங்' சேர்த்து முன்னால் 'பை' வைப்பார்கள். 'ஷி லேர்ன்ட் இங்கிலீஷ் பை ரீடிங் நியூஸ்பேப்பர்ஸ்' என்பதைச் 'செய்தித்தாள்களை வாசிப்பதன் மூலம்' என்று மொழிபெயர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 'செய்தித்தாள் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றாள்' என்று ஓர் ஏகாரத்தில் இது முடிந்துவிடும். 'மூலம்' என்பதை இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

'பை ஹிம்செல்ஃப்' என்பதற்குத் 'தனியாக' என்றும், 'பிறர் உதவியின்றித் தானே' என்றும் இரு பொருள் உண்டு. இடத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும். 'பை மிஸ்டேக்' என்பதற்கு எதிர்ச்சொல் 'பை பர்ப்பஸ்' அல்ல, 'ஆன் பர்ப்பஸ்'. 'ஹி டுக் மி பை த ஹேண்ட்' என்றால் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். 'பை த வே' என்பது பேச்சை வேறு பக்கம் திருப்பும் சொல். விண்ணப்பக் கடிதத்தில் அதற்கு வேலையில்லை.

'பைஹார்ட் பண்ணு' என்று நாம் ஒரு வினையையே செய்து வைத்திருக்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆங்கிலத்தில் 'ஐ பைஹார்ட்டட் இட்' என்று எழுதினால் நம் ஊரைத் தாண்டியவர்களுக்கு விளங்காது. 'லேர்ன்ட் இட் பை ஹார்ட்' என்று எழுத வேண்டும்.

கடைசியாக, இந்தச் சொல்லைச் சாய்கோட்டின் பெயராகவே நாம் ஆக்கிக்கொண்டது. மனை முப்பதுக்கு நாற்பது என்பதைத் 'தர்ட்டி பை ஃபார்ட்டி' என்பது உலகெங்கும் செல்லும். உணவகத்தில் ஒரு சூப்பை இருவர் பகிர்ந்துகொள்ள 'ஒன் பை டூ' என்று கேட்பது நம் பக்கத்துக்குள் செல்லும். கதவு எண்ணை 'மூணு பை நாப்பத்தஞ்சு' என்று படிப்பதை வெளிநாட்டில் இருப்பவரிடம் தொலைபேசியில் சொல்லும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே அதற்கு 'ஸ்லாஷ்' என்று பெயர். என் உறவினர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து பார்சல் அனுப்பியபோது முகவரியை வாயால் சொல்ல, கேட்டு எழுதியவர் சாய்கோடு போடாமல் 'பை' என்ற சொல்லையே இரண்டு எண்களுக்கும் நடுவே எழுதி ஒட்டிவிட்டார். எங்கள் தெருத் தபால்காரர் முகவரியை ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து மணியடித்தார்.